ஆறு நொடி மௌனம்

மார்லிஸ் கோய்விஸ்டோ பொய் சொல்லிப் பழகாதவள். அறுபத்தொரு வயதுவரை பர்ச் ஃபால்ஸ் ஊரில் அவளைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. நல்லதாகவும் பெரிதாக எதையும் சொல்லிவிடவில்லை. மாவட்ட அலுவலகத்தில் வண்டிப் பதிவு கவுண்டரில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருந்தாள். ஊரில் ஓடுகிற அத்தனை பிக்கப் வண்டிகளின் நம்பர் தகடும் அவள் கையைத் தாண்டித்தான் போயிருக்கிறது. அப்படிப்பட்டவளை ஒரே குளிர்காலத்தில் இந்த ஊர் மூளை குழம்பியவள் ஆக்கிவிட்டது. திட்டி ஆக்கவில்லை, அன்பாகப் பேசியே ஆக்கியது. மினசோட்டாவின் வடக்கே இருக்கிறவர்களுக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு.

எல்லாம் 1999இல் ஆரம்பித்தது. அந்த வருஷம் இரும்புச் சுரங்கத்தில் ஆள் குறைத்தார்கள். சுரங்க லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் வெர்ன் ஐந்து மாதம் வீட்டோடு கிடந்தான். வேலையில்லாத ஆண்பிள்ளை ஒரு வீட்டில் எவ்வளவு இடத்தை அடைப்பான் என்பது கூட இருந்து அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். கூடத்தில் டிவி, டிவி எதிரே வெர்ன், வெர்ன் விடுகிற பெருமூச்சு. மார்லிஸ் ராத்திரிச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு அடியிலிருந்த பேஸ்மென்டுக்கு இறங்கிவிடுவாள். துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில், அலுவலகம் கழித்துப் போட்ட ஒரு கம்ப்யூட்டர் இருந்தது.

பாட்டுப் போட்டால் அதற்குத் தக்கபடி திரையில் நிறங்கள் ஆடுகிற இலவச மென்பொருள் ஒன்று அதில் கிடந்தது. ஒருநாள் கை தவறி ஏதோ ஒரு கீயைத் தட்டினாள். ஆடிக்கொண்டிருந்த படத்தின் மேலே கணக்கு வரிகள் திறந்துகொண்டன. அடித்தொண்டை ஒலிக்கு ஒரு எழுத்து, கீச்சொலிக்கு ஒரு எழுத்து, அவற்றைப் பெருக்கி வகுத்து எந்தப் புள்ளி எந்த நிறத்தில் எங்கே நகர வேண்டும் என்று எழுதியிருந்தது. மார்லிஸ் பள்ளிக்கூடத்தில் கணக்கில் தட்டுத்தடுமாறிப் பாஸானவள். இருந்தாலும் 0.3 என்று இருந்த ஒரு எண்ணை 0.9 ஆக்கிப் பார்த்தாள். திரை பொங்கி வழிந்தது. அன்றைக்குக் கீழே போனவள் இருபத்துநாலு வருஷம் மேலே வரவில்லை என்றே சொல்லலாம்.

தானே ஒரு காட்சியைக் கணக்கில் எழுதி, பாட்டைக் கொடுத்து ஆடவிட்டு, பிடிக்காத இடத்தில் ஒரு எண்ணைத் திருகி, மறுபடி ஆடவிடுவது. இதுதான் பொழுதுபோக்கு. இந்தக் கிறுக்குப் பிடித்தவர்கள் உலகம் முழுக்க ஐநூறு பேர் தேறுவார்கள். அவர்களுக்கென்று இணையத்தில் ஒரு மன்றம் இருந்தது. செய்ததை அங்கே எல்லாருக்கும் இலவசமாகப் போட்டுவிட வேண்டும். யாருடையதையும் யாரும் எடுத்து மாற்றலாம், அனுமதி கேட்கத் தேவையில்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு: மாற்றுகிறவன் கோப்பின் பெயரில் முதலில் செய்தவரின் பெயரை முன்னால் வைத்து, அதற்குப் பிறகுதான் தன் பெயரைச் சேர்க்க வேண்டும். ஐந்து கை மாறிய கோப்பு ஐந்து பெயரோடு சரக்கு ரயில் மாதிரி நீண்டு கிடக்கும். பெயரை வெட்டியவனை மன்றத்தில் அதன் பிறகு யாரும் மனிதனாக மதிக்க மாட்டார்கள்.

மார்லிஸ் செய்ததில் பேர் வாங்கியது ‘ஏரி உடையும் நாள்’. ஏப்ரலில் ஏரிப் பனி விரிசல் விடுகிற காட்சி. வெள்ளைத் தகடுகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நகரும். டிரம் விழும்போது நடுவில் பிளந்து, பிளவில் கருநீலத் தண்ணீர் தெரியும். ஒற்றை வயலினுக்குத் தகடுகளின் ஓரம் மட்டும் நடுங்கும். முன்னூற்றுப் பன்னிரண்டாவது தடவைதான் அவளுக்குத் திருப்தி வந்தது. அதைப் பார்த்துவிட்டு, கனடாவின் சாஸ்கடூனில் பள்ளிப் பேருந்து பழுது பார்க்கிற டுப்ரோ என்பவன், “நான் சின்ன வயசுல நின்ன ஏரி இது, சத்தம்கூட கேக்குது” என்று எழுதினான். ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. அந்த ஒரு வரியை மார்லிஸ் காகிதத்தில் எழுதித் துணி மெஷினுக்கு மேலே ஒட்டி வைத்திருந்தாள்.

வெர்ன் ஒரு தடவைகூடப் படியிறங்கி வந்து பார்க்கவில்லை. கேலி மட்டும் குறைவில்லாமல் வரும்.

“என்ன, லாவா விளக்கைச் சுத்த விட்டுட்டு வந்துட்டியா?” என்பான். கண்ணாடிக் குடுவைக்குள் வண்ண மெழுகு மிதக்கிற அந்த அலங்கார விளக்கைத்தான் சொல்வான்.

“வந்து ஒரு நிமிஷம் பாரேன்.”

“எனக்கு முட்டி வலி. படி ஏற முடியாது. இவ்வளவு நேரத்துல ஒரு போர்வை பின்னியிருந்தா போத்திக்கவாவது ஆகியிருக்கும்.”

மான் வேட்டைக்கு மரத்தின் மேல் ஏறி எட்டு மணி நேரம் உட்காரும்போது அந்த முட்டி எங்கே போயிற்று என்று அவள் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

போன அக்டோபரில் ஊர் ஐஸ் ஹாக்கி அரங்கத்துக்குப் புதிய திரை வந்தது. நாலு பக்கமும் பார்க்கிற மாதிரி, ஒரு லாரி நீளத்துக்கு ஒன்று. முதல் ஆட்டத்துக்கு ஊரே போயிருந்தது. ஆட்டக்காரர்கள் உள்ளே வருவதற்கு முன்னால் விளக்கை அணைத்தார்கள், பாட்டு இடித்தது, திரையில் பனித் தகடுகள் முட்டிக்கொண்டு நகர்ந்தன. டிரம் விழுந்ததும் நடுவில் பிளந்தது.

மார்லிஸ் கையில் நாச்சோ சிப்ஸ் தட்டோடு எழுந்து நின்றுவிட்டாள். “அது என்னோடது,” என்றாள்.

“எது, நாச்சோவா? நான் ரெண்டே ரெண்டுதான் எடுத்தேன்,” என்றான் வெர்ன்.

“திரையில ஓடுதே அது. நான் பண்ணினது.”

வெர்ன் திரையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். “மார்ல், அது மினியாபொலிஸ்லேர்ந்து வந்தது. பேப்பர்லயே போட்டிருந்தான். அதுவும் இல்லாம உன்னோடது நீலம்னு சொல்லுவே. இது பச்சையா இருக்கே.”

“டீம் நிறத்துக்கு மாத்திட்டாங்க.”

“ஓஹோ,” என்றான் வெர்ன். “உக்காரு, பின்னாடி இருக்கறவங்களுக்கு மறைக்குது.”

மறுநாள் அவள் பக்கத்துக் கவுண்டர் ஜனெல்லிடம் சொன்னாள். ஜனெல்லுக்கு முப்பத்துநாலு வயது, தங்கமான மனசு, நிற்காத வாய். மத்தியானத்துக்குள் மாடி வரைக்கும் செய்தி போய்விட்டது. நம்பவில்லை என்றால் இந்த ஊரில் யாரும் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். “அப்படியா, சுவாரசியமா இருக்கே” என்பார்கள். பிறகு காபி ஊற்றித் தருவார்கள். அன்றைக்கு மார்லிஸுக்கு நாலு பேர் காபி ஊற்றித் தந்தார்கள்.

திரையை இயக்குகிற டிரென்ட் லோஃப்கிரென்னைப் போய்ப் பார்த்தாள். மரியாதையான பையன் என்று சொல்வார்கள், நாற்பது வயதாகிறது.

“திரை வித்த கம்பெனிக்காரங்க மொத்தமா அனுப்பினாங்க, மிஸஸ் கோய்விஸ்டோ. இந்த ஃபைல் பேரு ‘ஐஸ் நாலு’. அதுக்கு மேல ஒண்ணும் போடலை.”

“அதுல என் பேரு இருந்திருக்கணும், டிரென்ட். முன்னாடியே இருக்கும். வெட்டிட்டாங்க.”

“அப்படியா,” என்றான் டிரென்ட். “சுவாரசியமா இருக்கே.”

காட்டுவதற்கு அவளிடம் என்ன இருந்தது? மன்றத்தை நடத்தியவர்கள் பத்து வருஷம் முன்பே மூடிவிட்டார்கள், பழைய பதிவுகள் எல்லாம் போயே போய்விட்டன. தன் கம்ப்யூட்டரில் இருப்பதைக் காட்டினால் அரங்கத்தில் பார்த்துக் காப்பி அடித்தாள் என்பார்கள். சாட்சி சொல்ல ஒரே ஆள் டுப்ரோ. அவன் முகம் அவளுக்கே தெரியாது. அவனுக்கு எழுதினாள். அடுத்த நாள் பதில் வந்தது.

“நம்ம ஆளுங்க பண்ணினது பாதி இப்படித்தான் போச்சு, மார்லிஸ். பேரை அறுத்துட்டு நம்பர் போட்டு வித்துட்டானுங்க. ஆனா நீ அப்ப கணக்குக்குள்ள பேரைப் புதைச்சியே, அது இன்னும் இருக்கும். அதைத் தொடாம நிறத்தை மட்டும் மாத்தியிருப்பானுங்க. எங்க இருக்குன்னே அவனுங்களுக்குத் தெரியாது.”

அவள் மறந்தே போயிருந்தாள். 2006இல் மன்றத்தில் ஒரு திருட்டு நடந்தது. கோப்பின் பெயரை வெட்டுகிறவன் இருக்கிறான் என்று தெரிந்ததும், ஆளாளுக்குத் தங்கள் பெயரைக் கணக்கு வரிகளுக்குள்ளேயே ஒளித்து வைக்க ஆரம்பித்தார்கள். பாட்டு ஓடும்போது வந்தால் படம் கெட்டுவிடும். அதனால் சத்தம் நின்ற பிறகு வரும்படி எழுதுவது வழக்கமாயிற்று. மார்லிஸ் ஆறு நொடி வைத்திருந்தாள். ஆறு நொடி தொடர்ந்து மௌனம் இருந்தால் தகடுகள் எல்லாம் ஓரமாக ஒதுங்கும், நடுவில் கறுப்புத் தண்ணீரில் எழுத்து எழுத்தாகப் பெயர் வரும்.

பேஸ்மென்டுக்கு ஓடிப் பாட்டை நிறுத்திப் பார்த்தாள். ஆறு நொடி. மார்லிஸ் கோய்விஸ்டோ, பர்ச் ஃபால்ஸ். பதினேழு வருஷம் கழித்தும் சொன்ன பேச்சைக் கேட்டது. அவள் அழுதாள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்புறம் வெர்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். இருபத்துநாலு வருஷத்தில் முதல் தடவையாக அவன் அந்தப் படிகளில் இறங்கி, துணிக் கூடையை நகர்த்திவிட்டு உட்கார்ந்து, பெயர் வருவதைப் பார்த்தான்.

“உன் கம்ப்யூட்டர்ல உன் பேரு வராம என் பேரா வரும்?” என்றான்.

நியாயமான கேள்விதான், அதனால்தான் அவளுக்கு அப்படிச் சுட்டது. அரங்கத்துத் திரையில் வர வேண்டும். அரங்கத்திலோ ஆறு நொடி மௌனம் என்பதே கிடையாது. ஆட்டம் நின்றால் பாட்டு, பாட்டு நின்றால் விளம்பரம், இடையில் டிரம், ஹார்ன், சத்தம் போடச் சொல்லிக் கத்துகிற ஒருவன். டிரென்டிடம் ஆட்டம் இல்லாத நாளில் போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்டாள். சீசன் முடியட்டும் என்றான். மாட்டேன் என்று சொல்லத் தெரியாத ஊர் இது.

ஜனவரியில் ஸ்டப் ஹாகன் செத்துப்போனார். முப்பத்தோரு வருஷம் ஹாக்கிப் பயிற்சி கொடுத்தவர். ஊரில் ஐம்பது வயதுக்குட்பட்ட ஆண்களில் பாதிப்பேருக்கு ஸ்கேட் கயிறு கட்டிவிட்டது அவர்தான். சனிக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு முன்னால் முழுதாக ஒரு நிமிடம் மௌனம் என்று அறிவித்தார்கள். போட்டோ எதுவும் வேண்டாம், அவருக்கு அந்தப் பனிக் காட்சி பிடிக்கும், அதையே ஓட விடுங்கள் என்று அவர் மனைவி கேட்டுக்கொண்டாளாம். ஜனெல் வந்து சொன்னபோது மார்லிஸ் ஸ்டேப்ளரைக் கீழே வைத்தாள். ஹாகன் செத்ததில் ஊரில் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவள்தான். அது அவளுக்கே தெரிந்தது, வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் சந்தோஷம் போகவில்லை.

அதோடு விட்டிருக்கலாம். வாயை மூடிக்கொண்டு போய், வந்தால் வரட்டும் என்று நின்றிருக்கலாம். அவள் எல்லாரிடமும் சொன்னாள்.

“சனிக்கிழமை அந்த ஒரு நிமிஷம் திரையையே பாருங்க. ஆறு எண்ணுங்க, போதும்.”

“எண்ணினா என்ன வரும்?” என்றாள் ஜனெல்.

“நான் பொய் சொல்றேனா இல்லையான்னு வரும்.”

“ஐயையோ, நாங்க யாரும் அப்படிச் சொல்லவே இல்லையே,” என்றாள் ஜனெல். அது உண்மை. யாரும் சொல்லவில்லை.

சனிக்கிழமை ஆயிரத்து நூறு பேர் வந்திருந்தார்கள். தொப்பிகளைக் கழற்றிக்கொண்டு எழுந்து நின்றார்கள். ஆட்டக்காரர்கள் பனித்தரையில் போட்டிருந்த நீலக் கோட்டின் மேல் வரிசையாக நின்று தலை குனிந்தார்கள். பாட்டு நின்றது. அரங்கத்தில் குழந்தைகள்கூட வாயைத் திறக்கவில்லை. மார்லிஸ் செல்போனைத் தலைக்கு மேல் தூக்கித் திரையைப் படம் பிடிக்க ஆரம்பித்தாள். மனதுக்குள் எண்ணினாள்.

ஒன்று, இரண்டு, மூன்று. தகடுகளின் வேகம் குறைந்தது. ஆறு. தகடுகள் ஒதுங்கவில்லை. பத்து. அவற்றின் ஓரம் லேசாக, விடாமல், நடுங்கிக்கொண்டே இருந்தது. எங்கேயோ ஏதோ ஒலிக்கிறது. அவள் மூச்சைப் பிடித்துக் கேட்டாள். அப்போதுதான் காலுக்கடியிலிருந்து அது வந்தது. பனித்தரையை உறைய வைக்கிற கம்ப்ரஸரின் உறுமல். நாற்பது வருஷமாக அந்த அரங்கத்துக்கு வருகிறாள், ஒரு நாளும் அவள் காதில் விழுந்ததில்லை. யார் காதிலும் விழாது. ஆனால் கூரையில் ஒரு மைக் தொங்கியது. திரை அந்த மைக் வழியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

பேஸ்மென்டில் அவள் பாட்டை எப்போதும் கம்ப்யூட்டருக்குள்ளிருந்தே நேராகக் கொடுத்தாள். அங்கே பாட்டு நின்றால் சத்தம் சுத்தமாகப் பூஜ்யம். அதனால் ‘பூஜ்யம் ஆனால்’ என்று எழுதியிருந்தாள். ‘பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால்’ என்று எழுதியிருக்க வேண்டும். ஒரே ஒரு எண். முன்னூற்றுப் பன்னிரண்டு தடவை திருத்தியவள் அந்த வரியை மட்டும் ஒரு தடவை எழுதி அப்படியே விட்டிருந்தாள்.

நாற்பது நொடி. ஐம்பது. கை வலித்தது, ஆனால் போனை இறக்கவில்லை. ஆயிரத்து நூறு குனிந்த தலைகளுக்கு நடுவே ஒரு கை மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. முன்வரிசையில் நின்ற ஹாகனின் மனைவி திரும்பி அதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். நிமிடம் முடிந்தது, தேசிய கீதம் ஆரம்பித்தது, தகடுகள் பழையபடி பிளந்தன.

காரில் வெர்ன் ஹீட்டரை அவள் பக்கம் திருப்பி வைத்தான்.

“அழகாத்தான் இருக்கு அது,” என்றான் பிறகு. “யாரு பண்ணினதோ.”

மார்லிஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நீ கீழ பண்ணி வச்சிருக்கறதும் நல்லாத்தான் இருக்கு, மார்ல். ஒருநாள் சாவகாசமா உக்காந்து பாக்கறேன். சரியா?”

அவன் அப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. இருபத்துநாலு வருஷம் அவன் கேலியைத் தாங்கினாள், அதற்கு ஒரு பழக்கம் வந்துவிட்டிருந்தது. இந்தப் பரிவைத் தாங்க முடியவில்லை. லாவா விளக்கு என்று ஒரு தடவை சொல்லிவிட மாட்டானா என்று இருந்தது.

திங்கட்கிழமை டிரென்டுக்கு போன் பண்ணினாள். தப்பு எங்கே என்று இப்போது அவளுக்குத் தெரியும். மைக் கம்பியை ஆறு நொடி பிடுங்கினால் போதும்.

“கம்பெனிக்காரங்க புதுசு அனுப்பிட்டாங்களே, மிஸஸ் கோய்விஸ்டோ. நேத்தே மாத்தியாச்சு. பழசை அவங்களே அழிச்சிடுவாங்க. அப்புறம், வெர்ன் வந்திருந்தார். உங்களுக்கு உடம்பு சரியில்லைன்னார். அந்த வீடியோ விஷயம் எல்லாம் நாங்க யாரும் தப்பா எடுத்துக்கலை. ஹாகனம்மாகூட அப்படித்தான் சொன்னாங்க. நீங்க நல்லா ஓய்வெடுங்க.”

அவள் போனை வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள். “டிரென்ட்கிட்ட என்ன சொன்னே?”

“ஊர்ல நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்.”

“நான் பொய் சொல்றேன்னு சொல்லியிருக்கலாமே, வெர்ன். அதுக்கு நான் பதிலாவது சொல்லியிருப்பேன்.”

வெர்ன் டிவி சத்தத்தைக் குறைத்தான். பிறகு மெதுவாக, “காபி போடட்டுமா?” என்று கேட்டான்.

அந்த வாரம் ஜனெல் வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பெரிய கண்ணாடித் தட்டு நிறைய ஹாட்டிஷ்: அடியில் கறி, மேலே உருளைக்கிழங்கு உருண்டைகள், அடுப்பிலிருந்து எடுத்த சூடு ஆறவில்லை. சாவு விழுந்த வீட்டுக்கும் நோயாளி இருக்கிற வீட்டுக்கும்தான் இந்த ஊரில் இது வரும். மார்லிஸ் வீட்டில் யாரும் சாகவில்லை. வாசலில் நின்று வாங்கிக்கொண்டாள், நன்றி சொன்னாள், ரெண்டு பேரும் குளிரைப் பற்றிப் பேசினார்கள். வெர்ன் மூன்று நாள் சூடு பண்ணிச் சாப்பிட்டான். அவள் தொடவில்லை.

தட்டைக் கழுவிக் கவிழ்த்தபோது அடியில் ஒட்டுப்பட்டை தெரிந்தது. அதில் தடித்த பேனாவால் ஜனெல் ஹால்வர்சன் என்று எழுதியிருந்தது. இங்கே எல்லார் வீட்டுத் தட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கும். எத்தனை வீடு சுற்றினாலும் யாருடையது யாருக்குப் போக வேண்டும் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. மார்லிஸ் அதைத் துடைத்துப் பையில் போட்டு மறுநாள் அலுவலகத்துக்கு எடுத்துப் போனாள்.

“இதுக்கு என்ன அவசரம்?” என்றாள் ஜனெல். “அதான் பேரு எழுதியிருக்கே. எங்க போயிடப் போகுது.”

கவுண்டரில் ஆள் வந்து நின்றது. மார்லிஸ் ஜன்னலைத் திறந்து, அடுத்தவருடைய படிவத்தை வாங்கி, பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள்.